துவைத்தால் சுருங்குமா

வீரசோழனில் பெண்கள் யாராவது மவுத்தானால், அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுவதற்கு ஊருக்கே சைத்தூன் ஒருத்திதான் இருந்தாள். ஆண்களைக் குளிப்பாட்ட நாலைந்து பேர் உண்டு. ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர் வந்துவிடுவார். பெண்ணைப் பெண்தான் குளிப்பாட்ட வேண்டும். அதைப் பழகிக்கொள்ள யாரும் முன்வராததால் சைத்தூனுக்கு ஊரில் தனி மரியாதை. கல்யாண வீடுகளில் முதல் பந்தியிலேயே அவளுக்கு இடம் போட்டார்கள். நிறுவையில் கைவரிசை காட்டும் கடைக்காரர்கள்கூடத் தங்கள் வீட்டுப் பெண்களை நினைத்துக்கொண்டு அவளுக்குச் சரியாக நிறுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் அவள் கைக்குத்தான் எல்லாப் பெண்களும் போயாக வேண்டும் என்பதால் யாரும் அவளைப் பகைத்துக்கொள்வதில்லை.

பாத்துமுத்து மட்டும் அவளோடு பேசுவதில்லை.

காரணம் பழையது. பாத்துமுத்துவின் தாயார் மவுத்தானபோது குளிப்பாட்டியவள் சைத்தூன். மிளகாய் மண்டி வைத்திருந்த வசதியான குடும்பம் அது. மறுநாளே, மண்டிக்காரர் மனைவியின் உள்பாவாடையில் மூன்று ஒட்டு இருந்தது என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. குளிப்பாட்டுகிறவர் கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது மார்க்கம் சொல்லும் முறை. நான் சொல்லவில்லை என்று சைத்தூன் அல்லாஹ்வின் பெயரால் சொன்னாள். பாத்துமுத்து நம்பவில்லை. அன்றிலிருந்து சைத்தூன் தெருவில் வந்தால் பாத்துமுத்து முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். ஆண்களைக் கண்டால்கூட அவ்வளவு இழுக்க மாட்டாள்.

1988இல் பேருக்கு வந்துபோன ஐப்பசி மழையில் பாத்துமுத்து கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியும் எழுந்து நடக்க முடியவில்லை. உட்காரலாம், சாப்பிடலாம், திட்டலாம். மூன்றையும் கட்டிலில் இருந்தபடியே குறைவில்லாமல் செய்தாள். ஆனால் சாவைப் பற்றிய யோசனை வந்துவிட்டது. ஒருநாள் மருமகள் ஜெய்னம்புவைக் கூப்பிட்டாள்.

"நான் போயிட்டா அந்தச் சைத்தூன் கை எம் மேல படக் கூடாது. நீதான் குளிப்பாட்டணும்."

"எனக்குத் தெரியாதே மாமி."

"பழகு. பத்தாவது வரைக்கும் படிச்சவதான நீ?"

"பத்தாவதுல அதைச் சொல்லித் தரலயே."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. அல்லா மேல ஆணையா செய்யிறேன்னு சொல்லு."

ஜெய்னம்பு சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. மாமி இன்றைக்கே போனாலும் போகலாம். அப்படிப் போனால் சைத்தூனைத்தான் கூப்பிட்டாக வேண்டும். வேறு ஆளில்லை.

முதலில் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டாள். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்க, பொறுமையாகச் சொன்னார். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். உடம்பை மறைத்து ஒரு துணி. வலது பக்கம் முதலில். கடைசித் தண்ணீரில் கற்பூரம். பிறகு உடம்பைச் சுற்றும் கபன் துணி, பெண்ணுக்கு ஐந்து.

"தூக்கி உக்கார வைக்கிறப்ப தலை சாயுமே, யாரு பிடிக்கிறது? எந்தக் கையால?" என்று ஜெய்னம்பு கேட்டாள்.

ஆலிம்சா கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் செஞ்சு பாத்துத்தாம்மா தெரியணும். நீச்சல் மாதிரி" என்றார். அந்தப் பக்கத்துக் கண்மாய்களில் நீச்சல் பழகும் அளவுக்குத் தண்ணீர் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அதனால் அந்த உதாரணம் ஜெய்னம்புவுக்குத் தைரியம் கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு மைமூனும் இன்னும் சில பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மைமூனின் அம்மா வீடு காரியாபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே முஸ்லிம் வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவளுடைய அத்தை மவுத்தானபோது குளிப்பாட்ட ஆள் தேடி, பஸ் கிடைத்து ஒருத்தி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "அவுகளக் கெடத்தி வச்சுக்கிட்டு எல்லாரும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தோம்க்கா. எங்கம்மாவுக்கு அப்படி ஆகக் கூடாது" என்று மைமூன் சொன்னாள். வியாழக்கிழமை மதியம் ஆண்கள் கடைக்குப் போன பிறகு கூடுவது என்று முடிவாயிற்று.

பழகிப் பார்க்க மையித்தாக, அதாவது பிரேதமாக, இருக்க ஒரு ஆள் வேண்டுமே. மைமூன் வீட்டிலிருந்து ஒரு நீளத் தலையணையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு வலது இடது சொல்லி, தலைமாடு கால்மாடு வைத்து, சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் செய்ய வேண்டிய எல்லாமும் அந்தத் தலையணைக்குச் செய்யப்பட்டன. இலவம்பஞ்சு தண்ணீரைக் குடித்து, நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியாமல் கனத்தது. பிறகு வாரம் முழுக்க மதில்மேல் காய்ந்தது. வியாழக்கிழமை நனைவதும் மதில் ஏறுவதுமாக இருக்கவே, மைமூன் வீட்டில் இந்த வயதில் படுக்கையை நனைப்பது யார் என்று தெருவில் பேச்சு எழுந்தது. மைமூனின் கணவன் துபாயில் இருந்ததால் பழி அவளுடைய மாமனார் மேல் விழுந்தது. அவர் பள்ளிவாசலுக்குப் போவதையே கொஞ்ச நாள் குறைத்துக்கொண்டார்.

குளிப்பாட்டுவது எப்படியோ போகட்டும், கபன் சுற்றுவதையாவது ஒழுங்காகப் பழகலாம் என்று ஜெய்னம்பு நினைத்தாள். பழைய வேட்டியை வைத்துச் சுற்றிப் பார்த்ததில் அளவு சரிவரவில்லை. ஒரு காலையில் மாமிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

பஜாரில் தனுஷ்கோடியின் ஜவுளிக்கடையில்தான் அவர்கள் வீட்டுக்கு வாடிக்கை. பெருநாள் துணியும் கல்யாணத் துணியும் அங்கேதான். தனுஷ்கோடி மரியாதை தெரிந்த மனிதர்.

"அண்ணாச்சி, வெள்ளை மல்லுத்துணி வேணும். கபனுக்கு. பொம்பளைக்கு."

தனுஷ்கோடி சட்டென்று எழுந்து நின்றார். இந்த மாதிரி நேரத்தில் கடைக்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. யாருக்கு என்று கேட்கக் கூடாது. 'வாங்க' சொல்லக் கூடாது. வேறென்ன பார்க்கிறீர்கள் என்று கேட்கவே கூடாது. அவர் பேசாமல் துணியை எடுத்து விரித்தார்.

"உசரம் எங்க மாமி உசரம் வச்சுக்கங்க அண்ணாச்சி."

அவருடைய கை நின்றது. "பாத்துமுத்தம்மாவா?"

"அவுகளேதான். அவுகளுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

தனுஷ்கோடி கண்ணை மூடித் திறந்தார். பாத்துமுத்து அவருடைய கடையில் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு மணி நேரம் சண்டை போட்டு வாங்கியவள். ஜெய்னம்பு துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லாருக்கும்."

"எல்லாரும் இதத்தாம்மா வாங்குறாக."

"அவுக ஒரு தடவைக்கு வாங்குறாக. எனக்கு வாராவாரம் வேணுமே." பிறகு துணியின் ஓரத்தை முகர்ந்து, கஞ்சி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "துவைச்சா சுருங்குமா?"

கபன் துணி விற்று வந்த இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லாத் துணிக்கும் சொல்கிற பதில் வாயில் வந்துவிட்டது. "சுருங்காதும்மா. சாயமும் போகாது."

அவள் துணியை வாங்கிக்கொண்டு அத்தரும் பன்னீரும் கற்பூரமும் வாங்கப் போனாள். மாமியின் இடுப்புக்குத் தைலமும் வாங்க வேண்டியிருந்தது. அவள் தலை மறைந்ததும் தனுஷ்கோடி கடையை விட்டு இறங்கினார். பக்கத்து டீக்கடையில் வீரசோழன் பஸ்ஸின் கண்டக்டர் வீரணன் நின்றிருந்தார்.

"வீரணா, வீரசோழன் பாத்துமுத்தம்மா தவறிட்டாக. மருமக வந்து துணி எடுத்துட்டுப் போகுது. அந்தப் பிள்ளைக்குப் புத்தி பிசகிப் போச்சு. துவைச்சா சுருங்குமான்னு கேக்குதுய்யா."

"அய்யய்யோ."

"மாமியார் மேல அம்புட்டுப் பாசம். அது அடுத்த பஸ்ஸுலதான் வரும்போல. நீ முன்னாடி போயி, அதப் பாத்துக்கச் சொல்லு."

வீரணன் கடமை தவறாதவர். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிக்கொண்டே போனார். திருச்சுழியில் பாத்துமுத்துவின் நாத்தனார் வீடு இருந்தது. அங்கிருந்து ஒரு கூட்டமே ஏறிக்கொண்டது.

ஜெய்னம்பு அடுத்த பஸ்ஸில் பையோடு ஏறினாள். திருச்சுழியில் வீரணனின் பஸ் எதிரே திரும்பி வந்து நின்றது. அவர் ஓடிவந்து இந்தக் கண்டக்டரின் காதில் ஏதோ சொன்னார். அதன் பிறகு பஸ்ஸில் எல்லோரும் அவளை வித்தியாசமாகப் பார்த்தார்கள். ஒருத்தர் எழுந்து ஜன்னலோர சீட்டைக் கொடுத்தார். ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இன்னொருத்தி சோடா வாங்கிக் கொடுத்தாள். வியாழக்கிழமை வகுப்பைப் பற்றி வெளியூர்வரை நல்ல பேச்சுப் பரவியிருக்கிறது போலும் என்று ஜெய்னம்பு நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீரசோழனில் இறங்கியதும் மைமூன் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள்.

"அக்கா! பழகுறதுக்குத் துணி வாங்கப் போனது நெசத்துக்கே ஆயிருச்சே அக்கா! மாமி போயிட்டாகளே!"

ஜெய்னம்புவின் கையிலிருந்து பை விழுந்தது. காலையில் கஞ்சி நீர்க்க இருக்கிறது என்று திட்டிய மாமி. தான் பஜாரில் அத்தர் முகர்ந்துகொண்டு நின்ற நேரத்தில் போய்விட்டாளா? அழுகை வந்தது. அழுகையோடு ஆணையும் ஞாபகத்துக்கு வந்தது.

"யாரு குளிப்பாட்டுறது?"

"சைத்தூன் மாமி வந்துட்டாக. வெந்நி கொதிக்குது."

ஜெய்னம்பு ஓடினாள். செருப்பு ஒன்று ரோட்டிலேயே கிடந்தது. அவர்கள் தெருவில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளைத் தாண்டி உள்ளே போனபோது பின்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"காலை விடுடி! யாரக் கேட்டுடி எங்காலத் தொட்ட?"

பாத்துமுத்து கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். திருச்சுழி நாத்தனார் மயங்கிக் கிடக்க, ஒருத்தி விசிறிக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் இடுப்பில் கை வைத்துச் சைத்தூன் நின்றாள்.

நடந்தது இதுதான். பாத்துமுத்து கஞ்சி குடித்துவிட்டு, ஈத்தொல்லைக்காக முகம்வரை போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள். வீரணன் சொன்ன செய்தியோடு கூட்டம் வந்தது. மூடிய முகத்தைத் திறந்து பார்க்க யாருக்கும் தைரியமில்லை. உயிரோடு இருந்தபோதே அந்த முகத்துக்குப் பயந்தவர்கள். சுற்றி உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓத ஆரம்பித்தார்கள். ஓதும் சத்தத்தில் விழித்த பாத்துமுத்து, தான் மவுத்தாகிவிட்டோம் என்றே முதலில் நினைத்திருக்கிறாள். அல்லாஹ் இவ்வளவு சுலபமாக முடித்துவிட்டானே என்று நிம்மதியாகப் படுத்தும் இருந்திருக்கிறாள். போர்வைக்கு வெளியே சைத்தூனின் குரல் கேட்டு, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு கை வந்தபோதுதான் அவள் எழுந்தது.

"செத்தும் உங்கிட்டயாடி மாட்டணும்னு நெனச்சேன்" என்றாள் பாத்துமுத்து.

"கூப்பிட்டு விட்டாக, வந்தேன்" என்றாள் சைத்தூன். "உசுரோட இருக்கவளக் குளிப்பாட்டணும்னு எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல."

"மாமி!" என்று ஜெய்னம்பு கட்டில் ஓரத்தில் விழுந்து அழுதாள். பாத்துமுத்து அவளையும் பார்த்தாள், மைமூன் தூக்கிவந்த பையில் துருத்திக்கொண்டிருந்த வெள்ளைத் துணியையும் பார்த்தாள்.

"இதுக்குத்தான் டவுனுக்குப் போனியா? நான் இருக்கிறப்பவே எனக்கு எடுத்தாச்சா?"

"பழகுறதுக்கு மாமி. நீங்கதான சொன்னீக."

வாசலிலிருந்து ஒருவர் வந்து கதவுக்கு வெளியே நின்றார். "மையவாடில சோணைமுத்து பாதி தோண்டிட்டான். என்ன செய்யன்னு கேக்குறான்."

"மூடச் சொல்லுங்க!" என்று உள்ளே இருந்த எல்லாப் பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

சைத்தூன் தன் சொம்புகளை அடுக்கத் தொடங்கினாள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஜெய்னம்பு அதைப் பார்த்தாள். ஆலிம்சாவிடமும் தலையணையிடமும் கற்றுக்கொள்ள முடியாதது இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறது. இனி இந்தப் பெண் இந்த வாசல்படியை மிதிக்க மாட்டாள்.

"சைத்தூன் மாமி, வெந்நி கொதிக்குது. எல்லாரும் இருக்கோம். எங்களுக்குச் செஞ்சு காட்டிட்டுப் போங்க."

"எத வச்சுக் காட்ட?"

"தலகாணி இருக்கு" என்றாள் மைமூன்.

"தலகாணியெல்லாம் நான் குளிப்பாட்ட மாட்டேன். எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. யாராச்சும் படுங்க."

யாரும் படுக்கவில்லை. மைமூன், தன் புருஷன் துபாயில் கேள்விப்பட்டால் பயந்துவிடுவார் என்றாள். இன்னொருத்திக்குச் சளி.

"நான் படுக்கிறேன்" என்றாள் பாத்துமுத்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன பாக்குறீக? இவ மையித்தை என்ன பாடு படுத்துறான்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல. நான் கண்ணத் தெறந்து பாத்துக்கிறேன். ஆனா ஜாக்கெட்டைக் கழட்ட மாட்டேன். எடது கைய யாரும் தொடக் கூடாது."

"எடது கை இல்லாத மையித்து எந்த ஊர்லடி இருக்கு?" என்றாள் சைத்தூன். இருபது வருஷத்துக்குப் பிறகு அவள் பாத்துமுத்துவிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

ஆண்களைத் தெருமுனைக்கு அனுப்பினார்கள். பின்வாசலில் சேலைகளைக் கட்டி மறைத்து, பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த பலகையில் பாத்துமுத்துவை இடுப்பு வலிக்காமல் இறக்கிப் படுக்க வைத்தார்கள். கழுத்திலிருந்து கால்வரை ஒரு துணி போர்த்தப்பட்டது. கண் மட்டும் அகலத் திறந்திருந்தது.

"மொதல்ல மையித்தோட வயித்தை மெதுவா அமுக்கணும்" என்று சைத்தூன் ஆரம்பித்தாள்.

"அமுக்காத. கஞ்சி குடிச்சிருக்கேன்" என்றது மையித்து.

"மையித்து பேசக் கூடாது."

"பேசாம இருந்தா நீ பாட்டுக்கு அமுக்கிருவ."

மைமூன் சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். சைத்தூன் கோபப்படவில்லை. வேலை தொடங்கியதும் அவளுடைய குரல் இறங்கிவிட்டது. தலையை எந்தக் கையில் தாங்குவது, தோளுக்குக் கீழே முழங்காலை எப்படி முட்டுக்கொடுப்பது, துணிக்கு அடியில் கையுறை போலத் துணி சுற்றிய கையை எப்படிக் கொண்டுபோவது என்று காட்டினாள். ஜெய்னம்பு தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொம்பு நேராகக் காதுக்குள் போயிற்று.

"அடியே! காதுல ஊத்துறா பாரு!"

"காதுல பஞ்சு வைக்கணும். மறந்துட்ட" என்றாள் சைத்தூன், ஜெய்னம்புவிடம். "நெசமான மையித்துன்னா கத்தாது. அதுக்காக நீ மறக்கலாமா?"

பாத்துமுத்து காதைக் குடைந்துகொண்டே விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "எல்லாம் நல்லாத்தான் சொல்ற. எங்கம்மாவக் குளிப்பாட்டிட்டுப் போயி பாவாடையில மூணு ஒட்டுன்னு ஊரெல்லாம் சொன்னவதான நீ."

சைத்தூனின் கை நின்றது. "அன்னைக்கு எங்கூடத் தண்ணி ஊத்துனது யாரு, சொல்லு."

"யாரு, எங்க சின்னம்மா."

சைத்தூன் கையில் சுற்றியிருந்த துணியைப் பிழிந்தாள். பாத்துமுத்து மெதுவாகப் புரிந்துகொண்டாள். "சின்னம்மாவா?"

"அவளையும் நான்தான் குளிப்பாட்டி அனுப்புனேன். அப்பக்கூட யாருகிட்டயும் சொல்லல."

"இப்பச் சொல்லிட்டயே!"

"மையித்துகிட்டத்தான சொன்னேன். வெளிய போகாது."

சைத்தூன் உடம்பை வலது பக்கமாகச் சாய்க்கச் சொன்னாள். ஜெய்னம்பு மறந்துபோய் மாமியின் இடது கையைப் பிடித்துத் தூக்கினாள். நனைந்து தொளதொளத்த நீளக்கை ஜாக்கெட் தோள்வரை சரிந்தது.

மேற்கையில் பச்சை குத்தியிருந்தது. ஒரு பறவை. குண்டு உடம்பும் குட்டைக் காலுமாக, தலையில் கொண்டை வைத்த பறவை. ஐந்து வேளை தொழுகிற, பச்சை குத்துவது ஹராம் என்று தெருப் பெண்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற பாத்துமுத்துவின் கையில் ஒரு பச்சைக் கோழி நின்றிருந்தது.

சைத்தூன் மின்னல் வேகத்தில் துணியை அதன்மேல் இழுத்துவிட்டாள். மற்றவர்களுக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது. "மைமூனு, கற்பூரத்த நுணுக்கு. எல்லாரும் அவளப் பாருங்க, எவ்வளவு போடுறான்னு" என்றாள், குரல் மாறாமல். பாத்துமுத்து அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஆச்சரியமோ சிரிப்போ எதுவும் இல்லை. கையின் மற்ற பாகத்தைக் கழுவுவது போலவே அந்த இடத்தையும் துணிக்கு மேலாகக் கழுவி முடித்தாள். அதன் பிறகு மையித்து பேசவே இல்லை.

சாயங்காலம் காரியாபட்டிச் சந்தையிலிருந்து அலறியடித்து வந்த மகன் சிக்கந்தர், அம்மா ஈரத் தலையோடு டீ குடிப்பதைப் பார்த்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

எல்லோரும் போன பிறகு பாத்துமுத்து மருமகளைக் கூப்பிட்டாள். "பாத்தியாக்கும்."

"எத மாமி?"

"நடிக்காத. சின்னப் பிள்ளையில அருப்புக்கோட்டைப் பொருட்காட்சியில குத்தினது. எங்க அத்தா போட்ட அடியில பாதி அங்கயே அழிஞ்சிருக்கணும். அது மயிலு."

ஜெய்னம்பு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மயில்னு சொல்லித்தாண்டி குத்தச் சொன்னேன். அந்தப் பொம்பளைக்கு மயிலு வரல. பாவம் செஞ்சதுதான் செஞ்சேன், ஒழுங்கா ஒரு மயிலுக்காச்சும் செஞ்சிருக்கலாம். கோழியச் சொமந்துக்கிட்டுத் திரியிறேன்."

அடுத்த நாட்களில் பாத்துமுத்து காது கொடுத்துக்கொண்டே இருந்தாள். மைமூனைக் கூப்பிட்டு, ஊரில் என்ன பேச்சு என்று விசாரித்தாள். கபன் துணி துவைத்தால் சுருங்குமா என்று ஜெய்னம்பு கேட்டதைச் சொல்லித்தான் அருப்புக்கோட்டைவரை சிரிக்கிறார்கள் என்றாள் மைமூன். "வேற?" "வேற ஒண்ணும் இல்லயே மாமி." பாத்துமுத்து நம்பாமல் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டாள். கோழி எங்கும் வெளியே வரவில்லை.

ஆனால் சைத்தூன் எதையோ மூடினாள் என்பது மற்றப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் கேட்க முடியாது. ஜெய்னம்புவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னக்கா அது?"

"கை."

"கையில என்ன?"

"விரல்."

சிக்கந்தரும் கேட்டான். "எங்கம்மாதான. எங்கிட்டச் சொன்னா என்ன?"

"உங்கம்மாங்கிறதுனாலதான் சொல்ல மாட்டேன்" என்றாள். அவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அவள் அப்போதும் சொல்லவில்லை.

அதிலிருந்து புதிதாக ஒன்று தொடங்கியது. கொடியில் துணி காயப்போடும்போதோ கடைக்குப் போகும் வழியிலோ பெண்கள் ஒவ்வொருத்தியாக ஜெய்னம்புவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி, தன் முதுகில் வெள்ளைத் திட்டு இருக்கிறது, கல்யாணத்தின்போது மறைத்துவிட்டார்கள் என்றாள். ஒருத்தி காலைக் காட்டினாள், ஆறு விரல். இன்னொருத்தி முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். எண்ணெய் தெறித்தது என்று அவள் ஊருக்குச் சொல்லியிருந்த தழும்பு எண்ணெய் தெறித்ததல்ல. "நீ வந்து பாத்துக்க. வேற யாரும் வேணாம்" என்று மட்டும் சொல்லிப் போனாள். அன்று ஜெய்னம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண வீடுகளில் உட்கார்ந்து பார்த்தால், பட்டுச் சேலையில் சிரித்துப் பேசும் பாதிப் பெண்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சைத்தூன் ஏன் எப்போதும் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் எழுந்து போகிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஒரு வியாழக்கிழமை சைத்தூன் தானாகவே வந்தாள். கட்டிலுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். பாத்துமுத்து முக்காட்டை இழுக்கவில்லை.

"டீ போடுடி" என்று மருமகளிடம் சொன்னாள். பிறகு சைத்தூனைப் பார்க்காமல், விட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இவளுக்கு இன்னும் தலையத் தாங்கத் தெரியல. எனக்கு ஆகுறப்ப நீயும் கூட நில்லு. எடது பக்கம் அவ, தலைமாட்டுல நீ."

ஜெய்னம்பு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். செய்த ஆணையின் பாதியை மாமி தன் வாயாலேயே இறக்கி வைத்துவிட்டாள்.

"நிக்கிறேன். அதுவரைக்கும் நான் இருந்தா" என்றாள் சைத்தூன். "நான் உனக்கு முந்திப் போயிட்டா?"

"நீ ஏன் முந்திப் போற? வேல தெரிஞ்சவ. நான் போன பெறகு போ."

"அதயெல்லாம் நீயா முடிவு பண்ணுற?" சைத்தூன் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை பேருக்குப் பாத்துட்டேன் பாத்துமுத்து. எனக்கு யாருன்னு நெனச்சா தூக்கம் வரல. காதுல தண்ணி ஊத்துற பிள்ளைககிட்டப் போயி விழணுமேன்னு இருக்கு."

"உனக்கு என்ன இருக்கு, மறைக்கிறதுக்கு?" பாத்துமுத்துவின் குரலில் ஆவல் தெரிந்தது.

"அது வாரவளுக்குத்தான் தெரியும். உனக்கு எதுக்கு?"

ஜெய்னம்பு டீயைக் கொண்டுவந்து வைத்தாள். சைத்தூன் குடித்து முடித்துவிட்டு எழுந்து, பின்வாசலைப் பார்த்தாள். அங்கே பெண்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். மைமூன் தலையணையோடு வந்து நின்றாள்.

"அதக் கொண்டுபோயிப் போடு" என்றாள் சைத்தூன். "இன்னைக்கு நான் படுக்கிறேன்."

பலகையில் படுத்துத் துணியைக் கழுத்துவரை தானே இழுத்துவிட்டுக்கொண்டாள். கண்ணையும் மூடிக்கொண்டாள். பாத்துமுத்துவின் கட்டிலைக் கதவோரத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். ஒன்றும் தவறிவிடக் கூடாது என்று அவள் எட்டிப் பார்த்தாள். ஜெய்னம்பு காதுகளில் பஞ்சு வைத்தாள். முதல் சொம்பை மொண்டு, தன் முழங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்து, பச்சைத் தண்ணீரைக் கலந்து, மறுபடியும் ஊற்றிப் பார்த்தாள்.

"சூடு போதுமான்னு அவகிட்டக் கேளுடி" என்றாள் பாத்துமுத்து.

"கேக்கக் கூடாது மாமி" என்றாள் ஜெய்னம்பு. "நம்மதான் பாத்துக்கணும்."

அவள் இடது கையால் சைத்தூனின் பிடரியைத் தாங்கி, வலது பக்கத்தில் முதல் தண்ணீரை ஊற்றினாள்.